லேயாவின் நான்காம் மகன்

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



நம் பாட்டிமார் ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். அதில் ஒரு சொல் 'காய்மகாரம்'. இன்று நாம் பொறாமை என்கிறோம். வள்ளுவர் அதை 'அழுக்காறு' என்று அழைத்து, அதை விலக்கச் சொல்லி 17-ஆம் அதிகாரம் முழுவதையும் எழுதினார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2539) இதைப் பிறருடைய நன்மையைக் கண்டு வருந்துகிற மனநிலை என்று விளக்குகிறது. மற்றப் பாவங்களில் கொஞ்ச நேரமாவது ஓர் இன்பம் இருக்கும். இந்தப் பாவத்தில் தொடக்கம் முதல் முடிவுவரை எரிச்சல் மட்டும்தான்.

திருப்பாச்சூரிலும் சுற்று ஊர்களிலும் வீடு மந்திரிக்கப் போகும்போது இதை நான் பார்க்கிறேன். அண்ணன் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி, தம்பி நிரந்தரத் தொழிலாளி. ஒரே மெஷின், ஒரே ஷிப்டு, ஆனால் சீருடையின் நிறம் வேறு. தீபாவளி போனஸ் வரும் வாரத்தில் ஒரே வீட்டில் இருவரும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. சாலையோரத்து நிலம் ஒருவர் பங்கில் விழுந்தது, உள்ளே இருந்த நிலம் இன்னொருவர் பங்கில் விழுந்தது. பத்து வருடம் கழித்து மனை விலை ஏறியபோது உறவு முறிந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒரே வேலைக்கு நியாயமான கூலி கேட்பது பொறாமை அல்ல. 1891-இலேயே திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ தொழிலாளரின் நியாயமான கூலிக்காகச் சுற்றுமடல் எழுதினார். "எனக்கும் கிடைக்க வேண்டும்" என்பது நீதியின் குரல். "அவனுக்குக் கிடைக்கக் கூடாது" என்பது காய்மகாரத்தின் குரல். இந்த இரண்டாவது குரல் நுழைந்த ஒரு குடும்பத்தைத்தான் தொடக்க நூல் நமக்குக் காட்டுகிறது.

யாக்கோபு ராகேலை விரும்பினார். அவளுக்காக ஏழு ஆண்டுகள் லாபானிடம் உழைத்தார். திருமண இரவில் லாபான் மூத்தவள் லேயாவை அனுப்பி ஏமாற்றினார். ராகேலுக்காக யாக்கோபு இன்னும் ஏழு ஆண்டுகள் உழைத்தார். நாம் எப்போதும் யாக்கோபு ஏமாந்ததைப் பேசுகிறோம். லேயாவின் நிலையை நினைத்துப் பாருங்கள். யாரும் அவளை விரும்பிக் கேட்கவில்லை. தங்கைக்குக் கிடைக்கிற அன்பை ஒரே வீட்டில் தினமும் பார்த்துக்கொண்டு வாழ வேண்டும்.

அவள் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களிலேயே அவள் மனம் தெரிகிறது (தொநூ 29:31-35). முதல் மகன் ரூபன்: ஆண்டவர் என் துன்பத்தைப் பார்த்தார், இனி என் கணவர் என்னை விரும்புவார் என்று எண்ணினாள். இரண்டாம் மகன் சிமியோன்: நான் விரும்பப்படாததை ஆண்டவர் கேட்டறிந்தார் என்றாள். மூன்றாம் மகன் லேவி: இப்போதாவது கணவர் என்னோடு ஒன்றித்திருப்பார் என்று நம்பினாள். மூன்று பிள்ளைகளைப் பெற்றும் அவள் கண் கணவர் மீதும் தங்கை மீதும்தான். நான்காம் மகன் பிறந்தபோது அவள் கணவரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. இம்முறை ஆண்டவரைப் புகழ்வேன் என்று சொல்லி அவனுக்கு யூதா என்று பெயரிட்டாள். கணவர் மாறவில்லை, தங்கையும் போய்விடவில்லை. கிடைக்காததை எண்ணிக்கொண்டிருந்தவள் கிடைத்ததற்காக நன்றி சொன்னாள். அவ்வளவுதான்.

லேயா அதோடு புனிதையாகிவிட்டாள் என்று எண்ண வேண்டாம். அடுத்த அதிகாரத்திலேயே அக்காளும் தங்கையும் மீண்டும் போட்டி போடுகிறார்கள். காய்மகாரம் ஒரே செபத்தில் செத்துப்போவதில்லை. நம் வீட்டு வாசலில் முளைக்கிற கோரைப்புல் போல, பிடுங்கப் பிடுங்க வரும்.

இப்போது அந்த நான்காம் மகனைப் பார்ப்போம். யாக்கோபு தன் தந்தை வீட்டில் பட்ட அதே காயத்தைத் தன் பிள்ளைகளுக்கும் கொடுத்தார். ராகேலின் மகன் யோசேப்புக்கு மட்டும் அழகிய அங்கி. அந்த அங்கிதான் அண்ணன்மாரின் கண்ணை உறுத்தியது. பதினேழு வயதுத் தம்பியைக் குழியில் தள்ளினார்கள். கொல்வதால் நமக்கு என்ன லாபம், விற்றுவிடுவோம் என்று யோசனை சொன்னவன் வேறு யாருமல்ல, ஆண்டவரைப் புகழ்ந்து பெயரிடப்பட்ட அந்த யூதாதான் (தொநூ 37:26-27). விலை 20 வெள்ளிக்காசு.

இடையில் ஏறத்தாழ 22 ஆண்டுகள் ஓடின. யூதா தன் இரண்டு மகன்களை அடக்கம் செய்தான். பிள்ளையை இழந்த தகப்பனின் வலி என்ன என்பதை அவன் அப்போது அறிந்திருப்பான். மருமகள் தாமாருக்குத் தான் செய்த தவற்றை எல்லார் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டான். பிறகு பஞ்சம் வந்தது. தானியம் வாங்க எகிப்துக்குப் போனார்கள். அங்கே ஆளுநராக இருப்பது யோசேப்பு என்று அவர்களுக்குத் தெரியாது.

யோசேப்பு வைத்த விருந்தைக் கவனித்தீர்களா? ராகேலின் இளைய மகன் பென்யமினுக்கு மற்றவர்களைவிட ஐந்து மடங்கு உணவு பரிமாறினார்கள் (தொநூ 43:34). நம் வீட்டில் சம்பாதிக்கிற பிள்ளையின் தட்டில் மட்டும் கறி கூடுதலாக விழுந்தால் மற்றவர்களின் முகம் எப்படி மாறும்? அந்த முகங்களைத்தான் யோசேப்பு பார்க்க நினைத்திருப்பார். அவர்கள் மகிழ்ச்சியாகச் சாப்பிட்டார்கள் என்கிறது விவிலியம். பிறகு பென்யமினின் சாக்கில் வெள்ளிக்கிண்ணத்தை வைத்து, அவன் மட்டும் அடிமையாக இருக்கட்டும், மற்றவர்கள் போகலாம் என்றார். செல்லப்பிள்ளையை விட்டுவிட்டுப் போக மறுபடியும் ஒரு வாய்ப்பு!

அப்போது யூதா முன்னே வந்தான். தொடக்க நூல் 44-ஆம் அதிகாரத்தில் அவனுடைய நீண்ட மன்றாட்டு இருக்கிறது. இன்றிரவு வீட்டில் அதை வாசியுங்கள். அதில் 27-ஆம் வசனத்தில் சற்று நில்லுங்கள். தன் மனைவி தனக்குப் பெற்றது இரண்டு மகன்கள் என்று தகப்பன் சொன்னதை யூதா அப்படியே எடுத்துச் சொல்கிறான். அதாவது தகப்பனின் கணக்கில் மனைவி என்றால் ராகேல் மட்டும். பேசுகிறவனோ லேயாவின் மகன்! தன் தாயைக் கணக்கிலேயே சேர்க்காத அந்தச் சொல்லைக் கசப்பில்லாமல் சொல்லி, இவன் திரும்பாவிட்டால் என் தந்தை இறந்துபோவார், இவனுக்குப் பதில் நான் அடிமையாக இருக்கிறேன் என்று கெஞ்சுகிறான்.

அன்பானவர்களே, தகப்பனின் ஓரவஞ்சனை கடைசிவரை மாறவில்லை. மாறியது யூதாவின் மனம். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாக எதிர்பார்க்கிறோம். அப்பா சரியாகப் பங்கு பிரித்திருந்தால், மேலதிகாரி நடுநிலையாக இருந்திருந்தால் எனக்குப் பொறாமை வந்திருக்காது என்கிறோம். யூதா அதற்காகக் காத்திருக்கவில்லை. அவனுடைய அந்த வார்த்தைகளைக் கேட்டுத்தான் யோசேப்பு அடக்க முடியாமல் அழுதார். அந்தக் குடும்பம் மீண்டும் ஒன்றாயிற்று.

நானும் இதிலிருந்து தப்பியவன் அல்ல. குருமடத்தில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் மேற்படிப்புக்கு உரோமைக்கு அனுப்பப்பட்டார். என்னைப் பேருந்து இரண்டு முறை மட்டும் வந்துபோகும் கிளைக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். வாயால் வாழ்த்தினேன். அவர் எழுதிய கடிதங்களுக்கு ஒரு வருடம் பதில் போடவில்லை. ஒப்புரவு அருளடையாளத்தில் இதைச் சொன்னபோது வயதான ஒரு தந்தை கேட்டார்: "அவருக்குக் கொடுத்ததால் கடவுளிடம் உனக்குக் கொடுக்க ஒன்றும் மிச்சமில்லை என்று நினைக்கிறாயா?" எனக்குப் பதில் வரவில்லை. என் பிரச்சினை நண்பர் அல்ல, கடவுள் மீது எனக்கு இருந்த நம்பிக்கைக் குறைவுதான் என்று அன்று புரிந்தது. நண்பருக்காக ஒரு மாதம் தினமும் செபமாலை சொல்லும்படி அவர் பணித்தார். முதல் வாரம் உதடு மட்டும்தான் சொன்னது. மாதம் முடிவதற்குள் கடிதம் எழுதிவிட்டேன்.

பெற்றோர்களே, அழகிய அங்கி இன்றும் நம் வீடுகளில் தைக்கப்படுகிறது. பிளஸ் டூ மதிப்பெண் வரும் நாளில் "அவனைப் பார், உன்னைப் பார்" என்று சொல்லாதீர்கள். அண்ணன் தம்பிகளே, அக்காள் தங்கைகளே, யாருடைய பெயரைக் கேட்டால் நெஞ்சு சுருங்குகிறதோ அந்தப் பெயரைச் சொல்லி இந்த வாரம் ஏழு நாளும் ஓர் அருள்நிறை மரியே சொல்லுங்கள். எட்டாம் நாள் அவரைப் போய்ப் பாருங்கள், அல்லது போனாவது செய்யுங்கள்.

மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இயேசுவின் மூதாதையர் பட்டியலைப் பாருங்கள். செல்லப்பிள்ளை யோசேப்பு அந்தப் பட்டியலில் இல்லை. விரும்பப்படாத லேயாவின் நான்காம் மகன் யூதாவின் வழியில்தான் நம் மீட்பர் வந்தார். லேயா தங்கையோடு தன்னை ஒப்பிட்டு அழுத நாள்களில் கடவுள் அவளுக்காக வைத்திருந்தது அதுதான். நமக்காக வைத்திருப்பதும் நம் கண்ணுக்கு இன்னும் தெரியாமல் இருக்கலாம்.

செபிப்போம்: ஆண்டவரே, பிறருக்கு நீர் கொடுப்பதைக் கண்டு மகிழ எங்களுக்குக் கற்றுத் தாரும். எங்கள் பங்கு உம் கையில் பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கையைத் தாரும். பிரிந்திருக்கும் உடன்பிறப்புகளை ஒரே பந்தியில் சேர்த்தருளும். ஆமென்.