புராஸ்டேட் புற்றுநோய்: இறந்தபின் ஓர் ஆய்வு எதற்கு?

வலங்கைமான் மகாமாரியம்மன் கோயிலில் பங்குனியில் பாடைக்காவடி எடுப்பார்கள். கடும் நோயிலிருந்து மீண்டவர்கள் வேண்டுதலுக்காகப் பிணம்போலப் பாடையில் படுத்துக் கோயிலைச் சுற்றி வருவார்கள். சாவுக்கு அஞ்சாமல் முகம் கொடுக்கும் இந்த ஊரிலும் போஸ்ட்மார்ட்டம் என்றால் போலீஸ் கேஸ் என்றே நினைக்கிறோம். இன்னொரு வகை உண்டு: நோயாளி உயிரோடு இருக்கும்போதே சம்மதம் தந்து, இறந்த சில மணி நேரத்துக்குள் மருத்துவர்கள் செய்வது.

புராஸ்டேட் புற்றுநோய் முற்றினால் பெரும்பாலும் எலும்பில், குறிப்பாக முதுகெலும்பிலும் இடுப்பிலும் பரவும். அங்கே பயாப்சி எடுப்பது நோயாளிக்குப் பெரும் வேதனை. எடுத்தாலும் ஒரே இடத்துத் துணுக்குதான். இறந்தபின் எலும்பு, கல்லீரல், நிணநீர்க் கணு என எல்லா இடத்திலும் திசு எடுக்கலாம். தாமதித்தால் செல்லின் நொதிகளே திசுவைச் சிதைத்துவிடும். முதலில் போவது ஆர்.என்.ஏ.

சியாட்டில், பால்டிமோர், மிச்சிகன் பல்கலைக்கழகங்களில் 1990களிலேயே இந்த ஆய்வு தொடங்கியது. மிச்சிகனில் 30 பேரை ஆராய்ந்து 2004இல் வெளியான முடிவு, ஒரே மனிதரின் உடலுக்குள்ளேயே கட்டிகள் இடத்துக்கு இடம் வேறுபடுவதைக் காட்டியது. ஒரு கட்டிக்குக் கேட்கும் மருந்து பக்கத்துக் கட்டிக்குக் கேட்காமல் போகலாம். 2012இல் மிச்சிகன் ஆய்வாளர் அருள் சின்னையனின் குழு இப்படிக் கிடைத்த 50 புற்றுக் கட்டிகளின் மரபணுக்களைப் படித்தது. ஆண் ஹார்மோனை உள்வாங்கும் ஏற்பியிலும் அதோடு சேர்ந்து இயங்கும் மரபணுக்களிலும் மாற்றங்கள் தெரிந்தன. ஹார்மோனைக் குறைத்த பிறகும் நோய் ஏன் வளர்கிறது என்பதற்கு இது பெரிய தடயம். 2015இல் 10 பேரின் 51 கட்டிகளை ஒப்பிட்டபோது இன்னொன்றும் விளங்கியது: நாற்றங்காலிலிருந்து மட்டுமல்ல, நட்ட வயலிலிருந்தே அடுத்த வயலுக்குப் பயிர் தாவுவதுபோல, பரவிய கட்டியிலிருந்தே மற்றொரு கட்டி பிறக்கிறது.

இவற்றை உயிரோடு இருப்பவரிடம் முழுதாகப் பார்க்க வழியில்லை.

நம் நாட்டுக்கு இது அந்நியமல்ல. பெங்களூரு நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளை வங்கி இருக்கிறது. இறந்தவரின் மூளையைக் குடும்பத்தார் சம்மதித்துத் தருகிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் தேசியப் புற்றுநோய்த் திசு வங்கி, அறுவைச் சிகிச்சையில் எடுத்த திசுவைச் சேமிக்கிறது. ஆனால் பரவிவிட்ட புராஸ்டேட் புற்றுக்குப் பெரும்பாலும் கத்தி வைப்பதில்லை. நம் நோயாளிகளின் கடைசிக்கட்ட நோய், ஆராயப்படாமலே சுடுகாட்டுக்குப் போய்விடுகிறது.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் இதைத் தொடங்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். இரவிலும் வரக்கூடிய நோயியல் மருத்துவர், உறைநிலைப் பெட்டி, ஒரு வண்டி வேண்டும். உடலைத் தைத்து அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். சடங்கு எதுவும் தடைபடாது. ஆனால் சம்மதத்தை அழுதுகொண்டிருக்கும் மகனிடம் கேட்கக்கூடாது. அப்பாவிடமே, அவர் திண்ணையில் உட்கார்ந்து பேசக்கூடிய நாளில் கேட்க வேண்டும்.