பெயர் சரி, முகவரி தவறு: சங்கத்தின் இணையப் பெயர் வழிமாறினால்

வீரவநல்லூர்ச் செடிபுட்டா சேலைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. பத்தமடைப் பாய்க்கு அச்சிறப்பு முன்னரே உண்டு. இத்தகைய சரக்குகளை வெளியூரார் தேடி வாங்கும் வழிகளில் இணையமும் ஒன்றாகிவிட்டது. ஆதலால் ஒரு நெசவாளர் சங்கமோ விளைபொருள் விற்பனைச் சங்கமோ இணையத்தளம் வைத்திருக்குமானால், அதன் பெயரை எழுதியவுடன் அதே தளம் திறக்க வேண்டியது அவசியம். தீபாவளிக்கு இருபது நாள் இருக்கையில், பழைய ஆண்டின் விலைப்பட்டியலோ முன்பின் அறியாத ஒருவருடைய கடையோ அங்கே திறந்தால், வந்த கிராக்கி வந்த வழியே போய்விடுவார். பணம் செலுத்தும் பக்கம் வழிமாறினால் நஷ்டம் அதனினும் பெரிது.

இவ்வித நிலையில் பெரும்பாலோர் தளத்தை அமைத்துக் கொடுத்தவரைக் கடிந்துகொள்கிறார்கள். அல்லது கைக்கு அகப்பட்டதையெல்லாம் மாற்றிப் பார்க்கிறார்கள். பின்னது முன்னதைவிடக் கெடுதல். தவறான விடை எந்த இடத்திலிருந்து வருகிறது என்று கண்டபின்னரே கை வைக்க வேண்டும். அதற்கு, பெயர் முகவரியாக மாறும் விதத்தைச் சற்று அறிந்துகொள்வது நலம்.

கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்களாலேயே அறியும். புள்ளியிட்டுப் பிரித்த நான்கு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. இதுவே பழைய முறை முகவரி. மனிதர் எண்களை மறப்பர். ஆகவே பெயர்கள் வந்தன. தொடக்கத்தில் எந்தப் பெயருக்கு எந்த எண் என்பதை ஒரே ஜாபிதாவாக எழுதி, அமெரிக்காவில் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில் வைத்திருந்தார்கள். கணிப்பொறிகள் பெருகவே ஜாபிதா தாங்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்பவர் வகுத்த டி.என்.எஸ். என்னும் ஏற்பாடு, அந்தப் பொறுப்பைப் பலரிடம் பகிர்ந்து கொடுத்தது.

கூட்டுறவாளருக்கு இந்த அமைப்பு புதிதன்று. மாநிலத் தலைமை வங்கி, ஜில்லா மத்திய வங்கி, தொடக்கச் சங்கம் என்று நம்மிடம் மூன்று படிகள் இருப்பது போலவே அங்கும் உண்டு. உச்சியில் இருப்பவை மூல சர்வர்கள். 'புள்ளி இன்' என்று முடியும் பெயரைக் கேட்டால், அவை விடை கூறா. இந்தியப் பதிவேட்டைக் கேள் என்று கைகாட்டும். 2005 முதல் அப்பதிவேட்டை நடத்திவருவது நிக்சி என்னும் நிறுவனம். அதுவும் எண்ணைச் சொல்லாது. இச்சங்கத்தின் கணக்கு இன்ன நேம்சர்வரில் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். கடைசிப் படியாகிய அந்த நேம்சர்வரில்தான் உண்மையான விடை எழுதப்பட்டிருக்கிறது.

இப்படி ஏறி இறங்கி விசாரிக்கும் வேலையை நமது கணிப்பொறி தானே செய்வதில்லை. இணைய சேவை நிறுவனத்தின் சர்வர் ஒன்று நமக்காக விசாரித்து, கிடைத்த விடையைச் சிறிது காலம் தன்னிடம் தேக்கி வைத்துக்கொள்கிறது. எவ்வளவு காலம் என்பது ஒவ்வொரு பதிவிலும் விநாடிக் கணக்கில் குறிக்கப்பட்டிருக்கும். அதற்கு டி.டி.எல். என்று பெயர். 86400 என்றிருந்தால் ஒரு முழு நாள். 300 என்றிருந்தால் ஐந்து நிமிஷம்.

தாமிரபரணிப் பாசனத்தில் பயிர் செய்பவருக்கு இதை விளக்க வேண்டியதேயில்லை. தலைமடையில் இன்று மடை மாற்றினால் கடைமடைக் குளத்தில் உடனே மாறுதல் தெரியுமா? ஏற்கனவே தேங்கிய நீர்தானே அங்கே பாயும்? ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. ஸ்ரீவைகுண்டத்துக் கால்வாய்களுக்கு நீர் பிந்தி வருவதற்குக் காரணம் தூரம். இங்கே தூரம் ஒரு பொருட்டன்று. ஒவ்வொரு குளத்துக்கும் தனித்தனிக் கடிகாரம். அதனால்தான் அம்பாசமுத்திரத்தில் ஒரு வீட்டில் புதிய தளமும், அடுத்த வீட்டில் பழைய தளமும் திறக்கின்றன. "இணையமெங்கும் பரவ நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகும்" என்று ஒப்பந்தக்காரர்கள் சொல்வதுண்டு. எதுவும் எங்கும் பரவுவதில்லை. தேங்கிய பழைய விடை காலாவதியாவதே நிகழ்வது. அதன் கெடு பதிவிலேயே எழுதியிருக்கிறது. அக்கெடு கடந்தும் பழைய தளமே வருமானால், காத்திருப்பது வீண்.

ஆகவே, தளத்தை ஒரு சர்வரிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றப்போகும் சங்கம், அதற்கு இரண்டு நாள் முன்பே டி.டி.எல்.லை 300-ஆகக் குறைத்துவிட வேண்டும். மாற்றும் நாளன்று குறைத்துப் பயனில்லை. குளங்கள் பழைய கெடுவோடு நிறைந்துவிட்டிருக்கும்.

இனி, தவறு நேர்ந்துவிட்டால் சோதிக்கும் முறை. விண்டோஸ் கணிப்பொறியின் கட்டளைத் திரையில் 'என்எஸ்லுக்கப்' என்னும் கட்டளையை ஆங்கில எழுத்தில் எழுதி, இடம் விட்டுத் தளத்தின் பெயரை எழுதினால், அந்தப் பெயருக்கு வரும் எண் தெரியும். பெயருக்குப் பின் இன்னும் ஓர் இடம் விட்டு ஒரு சர்வரின் முகவரியை எழுதினால், குறிப்பாக அந்தச் சர்வரையே கேட்கும். இதனால் ஒரே கேள்வியை மூவரிடம் கேட்கலாம்: நமது சேவை நிறுவனத்திடம், 8.8.8.8 என்னும் கூகுளின் பொதுச் சர்வரிடம், சங்கத்தின் சொந்த நேம்சர்வரிடம். மூன்று விடைகளையும் காகிதத்தில் எழுதி ஒப்பிட்டாலே பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

சொந்த நேம்சர்வர் சரியாகவும் மற்றவை தவறாகவும் சொன்னால், அது தேங்கிய நீர், கெடுவரை பொறுக்கலாம். மூன்றும் சரியாகச் சொல்லியும் நமது கணிப்பொறியில் மட்டும் தவறான தளம் திறந்தால், குற்றம் வீட்டுக்குள்ளே. 'ஹோஸ்ட்ஸ்' என்று ஒரு சிறு கோப்பு, பழைய ஜாபிதாவின் வாரிசாக, இன்றும் ஒவ்வொரு கணிப்பொறியிலும் இருக்கிறது. சோதனைக்காக அதில் ஒரு வரி எழுதிவிட்டு அழிக்க மறப்பது தொழில் அறிந்தவர்களுக்கும் சகஜம். என்எஸ்லுக்கப் அந்தக் கோப்பைப் பார்ப்பதில்லை, உலாவி பார்க்கிறது. ஆதலால்தான் இரண்டும் முரண்படுகின்றன.

சேவை நிறுவனத்தின் பெயரில் நாம் கேட்பதாக நினைத்திருக்கும் சர்வரே அன்னியனுடையதாக இருப்பதும் உண்டு. 'டி.என்.எஸ். சேஞ்சர்' என்னும் தீய நிரல், உலகெங்கும் லட்சக்கணக்கான கணிப்பொறிகளை மோசக்காரர்களின் சர்வர்களை நோக்கித் திருப்பியிருந்தது. 2011-இல் அக்கூட்டத்தைப் பிடித்தனர். சர்வர்களை உடனே நிறுத்தினால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இணையமே நின்றுவிடும் என்பதால், அவ்விடத்தில் நல்ல சர்வர்களை வைத்து 2012 ஜூலை 9 வரை நடத்தவேண்டி வந்தது. அலுவலகத்து ரௌட்டரின் கடவுச்சொல் வாங்கியபோது இருந்தபடியே இருக்குமானால், அதை இன்றே மாற்றுக.

சொந்த நேம்சர்வரே தவறாகச் சொன்னால், பதிவைத் திருத்த வேண்டும். திருத்தியும் பலனில்லையெனில், 'ஹூயிஸ்' விசாரணையில் அப்பெயருக்குரிய நேம்சர்வர்கள் எவை என்று பார்க்க வேண்டும். கணக்கை வேறு கிளைக்கு மாற்றிய பின்னும் பழைய கிளையின் பேரேட்டில் வரவு எழுதுவதைப் போல, கைவிட்ட நிறுவனத்தின் பக்கத்தில் திருத்திக்கொண்டிருப்பவர் பலர்.

அலுவலகக் கணிப்பொறியில் சரியாகவும் கைப்பேசியில் தவறாகவும் திறப்பது ஒரு விசேஷமான கோளாறு. மேலே கூறிய நான்கெண் முகவரி 'ஏ' பதிவில் இருக்கும். ஐ.பி.வி.6 என்னும் புதிய நீண்ட முகவரிக்கு நான்கு 'ஏ' கொண்ட வேறொரு பதிவு. நம் நாட்டுக் கைப்பேசி இணைப்புகளில் புதிய முறை மிகுதி. தளத்தை இடம் மாற்றியவர் முதற் பதிவைத் திருத்தி இரண்டாவதை மறந்தால், கைப்பேசிக்காரர்கள் பழைய வீட்டுக் கதவையே தட்டுவார்கள்.

எண் சரி என்று உறுதியான பின்னும் வேறொருவர் தளம் திறந்தால் டி.என்.எஸ்.ஸைக் குறைகூற வேண்டாம். ஒரே முகவரியில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியிருப்பது வழக்கம். கட்டடம் சரி, அறை தவறு. அதைச் சர்வர் நடத்துபவர் சரிசெய்ய வேண்டும்.

இவையெல்லாம் நாழிகைக் கணக்கில் தீர்பவை. தீராதது, பெயர் யாருடையது என்ற வழக்கு. இணையப் பெயர் வாங்கிய சொத்தன்று. குறித்த ஆண்டுகளுக்குக் கட்டணம் செலுத்திப் பெற்ற பாத்தியதை. பதிவு சங்கத்தின் பெயரில் இல்லாமல் ஒப்பந்தக்காரர் பெயரில் இருந்து, புதுப்பிக்கும் அறிவிப்பும் அவருடைய மின்னஞ்சலுக்கே போய், அவர் தொழிலை விட்டுப் போய்விட்டால், அறிவிப்பைப் படிப்பவர் யார்? கெடு கடந்த பெயர் சலுகை நாட்களுக்குப் பின் பொதுவில் விடப்படும், எவரும் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே டைரக்டர்கள் ஆண்டுக்கொருமுறை பதிவுதாரர் பெயர், மின்னஞ்சல், காலாவதித் தேதி ஆகிய மூன்றையும் பார்த்து நடவடிக்கைப் புத்தகத்தில் குறிப்பது நலம். பதிவுதாரர் மின்னஞ்சல் சங்கத்தினுடையதாயிருக்கட்டும். ஆனால் அதே பெயரில் முடியும் மின்னஞ்சலாக இருக்கக்கூடாது. பெயர் கெட்டால் அதுவும் கூடவே போய்விடும்.

நமது பணம் புழங்கும் கூட்டுறவு வங்கிகளுக்கும் இவ்விஷயத்தில் ஒரு மாறுதல் வந்திருக்கிறது. வங்கிகள் அனைத்தும் 2025 அக்டோபர் 31-க்குள் 'புள்ளி பேங்க் புள்ளி இன்' என்று முடியும் பெயருக்கு மாறவேண்டுமென்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரல் 22-இல் உத்தரவிட்டது. அவ்வகைப் பெயர்களை வழங்கும் அதிகாரம் ஹைதராபாத்திலுள்ள ஐ.டி.ஆர்.பி.டி. நிலையத்துக்கு மட்டுமே உண்டு. வங்கியல்லாத எவரும் அதை வாங்க முடியாது. வங்கியின் பெயரைப் போன்ற போலிப் பெயர்களால் ஏமாறுவது இதனால் குறையும். ஆனால் வங்கி கைவிட்ட பழைய பெயர் அங்கத்தினர்களின் கைப்பேசியிலும், அச்சிட்ட பாஸ் புத்தகத்திலும் இருந்துகொண்டேயிருக்கும். வங்கி அதைப் புதுப்பித்து வைத்திருக்கும் வரையில் அது புதிய முகவரிக்கு வழிகாட்டும். புதுப்பிக்காமல் விட்டால் அது யார் கைக்கும் போகலாம். ஆகையால் பொதுப்பேரவைக்குச் செல்லும் அங்கத்தினர்கள், பழைய பெயருக்கு எத்தனை ஆண்டுவரை கட்டணம் செலுத்தியிருக்கிறது என்று கேட்கலாம். தத்தம் கைப்பேசியில் சேமித்திருக்கும் பழைய பெயரையும் மாற்றிக்கொள்ளலாம்.