பிரசவம் எப்படி நடந்தது?

அக்காவின் இரண்டாவது பிரசவத்தில் உதிரப்போக்கு நிற்கவில்லை. நாகப்பட்டினம் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனை. இரவோடு இரவாக இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி உயிரைக் காப்பாற்றினார்கள். ஆனால் பிள்ளைக்குப் பால் சுரக்கவில்லை. அம்மா பால்சுறா வாங்கிவந்து புட்டு செய்து போட்டார், பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தார். ஒரு சொட்டு வரவில்லை. சில பேருக்கு உடம்பு வாகு அப்படி என்று சொல்லிக்கொண்டு புட்டிப்பாலுக்கு மாறினோம்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு மாதவிலக்கு வரவே இல்லை. சித்திரை மாதத்தில் போர்வை கேட்பாள். குனிந்து நிமிர்ந்தால் கண் இருட்டிக்கொண்டு வரும். அக்குளில் முடி உதிர்ந்துபோய் மறுபடி முளைக்கவில்லை என்பதை என்னிடம் மட்டும்தான் சொன்னாள். புகுந்த வீட்டில் சோம்பேறி என்றார்கள். போன இடமெல்லாம் சத்துக் குறைவு என்று இரும்புச்சத்து மாத்திரை. ஓரிடத்தில் மனச்சோர்வு மாத்திரை. தைராய்டு பார்த்தோம், நார்மல். இப்படியே ஒன்பது வருடம் போனது.

ஒன்பதாவது வருடம் மறுபடி எடுத்த சோதனையில் டி.எஸ்.எச். கொஞ்சம் கூடியிருக்கிறது என்று தைராய்டு மாத்திரை மட்டும் கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் வாந்தி, குழறல், மயக்கம். அரசு மருத்துவமனையில் சேர்த்தபோது ரத்தத்தில் சோடியம் மிகவும் இறங்கியிருந்தது. அங்கே பணியில் இருந்த இளம் மருத்துவர்தான், "இவங்களுக்குக் கடைசி பிரசவம் எப்படி நடந்தது?" என்று கேட்டார். ஒன்பது வருடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர். நாங்களும் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பிரசவத்துக்கும் இந்த அசதிக்கும் தொடர்பு இருக்கும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

நோயின் பெயர் ஷீஹான் சிண்ட்ரோம். பிரிட்டிஷ் நோயியல் மருத்துவர் ஹெரால்ட் ஷீஹான் 1937இல் விவரித்தது. மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, கர்ப்ப காலத்தில் வீங்கிப் பெரிதாகிறது. அந்த நேரத்தில் ரத்தம் அதிகம் போய் ரத்த அழுத்தம் விழுந்தால், சுரப்பிக்கு ரத்தம் போதாமல் அதன் ஒரு பகுதி செத்துவிடுகிறது. பால் சுரக்க, மாதவிலக்கு வர, தைராய்டும் அட்ரீனலும் வேலை செய்ய, எல்லாவற்றுக்கும் கட்டளை அங்கிருந்துதான் போக வேண்டும். அது அறுந்தால் ஒவ்வொன்றாக அணைகிறது. மெதுவாக அணைவதால்தான் வருடக்கணக்கில் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. பணக்கார நாடுகளில் அரிதாகிவிட்ட இந்த நோயை நம் நாட்டு மருத்துவர்கள் இன்னும் பார்க்கிறார்கள்.

சோதனையில்தான் பெரும்பாலும் ஏமாறுகிறோம். டி.எஸ்.எச். என்பது பிட்யூட்டரியே அனுப்பும் ஹார்மோன். அனுப்புகிற இடமே பழுதாகியிருக்கும்போது அந்த எண் நார்மலாகவும் காட்டலாம், சற்றுக் கூடுதலாகவும் காட்டலாம். ஆகவே டி.எஸ்.எச். மட்டும் போதாது, கூடவே ஃப்ரீ டி4 பார்க்க வேண்டும். காலை எட்டு மணி வாக்கில் எடுத்த ரத்தத்தில் அட்ரீனல் சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசோல், பிறகு புரோலாக்டின், எஃப்.எஸ்.எச்., எல்.எச்., சோடியம். எம்.ஆர்.ஐ. எடுத்தால் சுரப்பி இருக்க வேண்டிய குழி பெரும்பாலும் காலியாகத் தெரியும்.

சிகிச்சையிலும் வரிசை முக்கியம். கார்டிசோல் குறைவாக உள்ளவருக்கு முதலில் ஸ்டீராய்டு மாத்திரை, அதன் பிறகே தைராய்டு மாத்திரை. வரிசை மாறினால் உடம்பில் மிச்சமிருக்கும் கார்டிசோலும் வேகமாகத் தீர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். அக்காவுக்கு நடந்தது அதுதான்.

ஸ்டீராய்டு என்றதும் சொந்தக்காரர்கள் பயமுறுத்தினார்கள். கிட்னி போய்விடும், எலும்பு தேய்ந்துவிடும், நாட்டு மருந்துக்கு மாறு என்றார்கள். உடம்பு தானே சுரக்க வேண்டியதைச் சரியான அளவில் ஈடுகட்டத்தான் இந்த மாத்திரை. வாழ்நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும், விலையும் குறைவு. மருத்துவரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தினால் செத்துப்போகலாம். இதை மென்று விழுங்கிச் சொல்ல எனக்கு மனமில்லை.

இனி உரிமை. மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். ஆனால் அவற்றை மூன்று வருடம் வைத்திருந்தால் போதும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. ஒன்பது வருடம் கழித்து நாங்கள் போய்க் கேட்டபோது கோப்பே இல்லை. அம்மா பீரோவில் பிள்ளையின் ஜாதகத்தோடு மடித்து வைத்திருந்த டிஸ்சார்ஜ் சம்மரிதான் கைகொடுத்தது. ஆகவே வீட்டுக்குக் கிளம்பும் அன்றைக்கே எழுத்தில் வாங்குங்கள். எவ்வளவு ரத்தம் போனது, எத்தனை யூனிட் ஏற்றினார்கள், ரத்த அழுத்தம் எவ்வளவு இறங்கியது என்பதெல்லாம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். வேறொரு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்பதையும் தேசிய மனித உரிமை ஆணையத்தின் 2018 நோயாளர் உரிமைச் சாசனம் உரிமை என்றே சொல்கிறது. அதற்காக யாரிடமும் கூச்சப்பட வேண்டாம்.

கவனக்குறைவு என்று நினைத்தால், காசு வாங்கும் மருத்துவமனை மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பொதுவாக இரண்டு வருடத்துக்குள். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் ஆணையம் ஏற்கலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: நல்ல கவனிப்பு இருந்தும் உதிரப்போக்கு வரலாம், நோயைக் கண்டுபிடிக்கத் தாமதமானது மட்டுமே சட்டத்தின் கண்ணில் குற்றமாகிவிடாது. நாங்கள் வழக்குக்குப் போகவில்லை. அக்காவைத் தேற்றவே எங்கள் தெம்பு சரியாக இருந்தது.

பிரசவத்தில் அதிகம் ரத்தம் போய், பால் சுரக்காமல், மாதவிலக்கும் திரும்பாத பெண் உங்கள் வீட்டில் இருந்தால், எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். "அசதியா இருக்கு" என்று ஆரம்பிக்காதீர்கள். "பிரசவத்துல ரத்தம் நிறையப் போச்சு, அதுலேர்ந்து இப்படி" என்று ஆரம்பியுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நாளமில்லாச் சுரப்பியியல் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் பொது மருத்துவரிடம் மேல் சிகிச்சைக்குப் பரிந்துரை கேளுங்கள்.

அக்கா இப்போது காலையில் தானே கோலம் போடுகிறாள். காய்ச்சல் வந்தால் ஸ்டீராய்டு அளவை எவ்வளவு கூட்ட வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். வாந்தி நிற்காவிட்டால் மாத்திரையை நம்பிக் காத்திருக்கக் கூடாது, ஊசிதான். அவள் பர்ஸில் பிள்ளைகளின் படத்துக்குப் பின்னால் ஓர் அட்டை இருக்கிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் என் கையெழுத்து: "இவர் தினமும் ஸ்டீராய்டு எடுப்பவர். மயங்கிக் கிடந்தால் உடனே 108-ஐ அழைக்கவும். ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மில்லிகிராம் ஊசி தேவை."