கத்தோலிக்கப் பாடசாலைகளின் கடமை

ஒரு காலத்தில் ஏரியும் வயலுமாயிருந்த அம்பத்தூரில் 1949-ம் வருஷம் சைக்கிள் தொழிற்சாலை தோன்றிற்று. 1960-களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலை வேலை தொடங்கிற்று. பூந்தமல்லி வரையில் தொழிலாளர் குடும்பங்கள் குடியேறின. தன் பிள்ளைக்கு இங்கிலீஷ் படிப்பு வேண்டுமென்று விரும்பும் தகப்பன், தன் மதம் எதுவாயினும், கத்தோலிக்கர் நடத்தும் தனியார் பள்ளியை நாடுவது இப்பகுதியில் சகஜம். அப்பள்ளியின் வாயிலில் அவனைத் தடுப்பது மதமன்று, கட்டணமே.

இத்தகைய பள்ளிகளின் பூர்வோத்தரத்தை நேயர்கள் சிந்திக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில், ஆங்கிலேயர் ஆதிக்கத்திலிருந்த அயர்லாந்தில், கத்தோலிக்கர் பள்ளிக்கூடம் நடத்துவது சட்டப்படி குற்றம். அச்சட்டத்தை மீறி, கார்க் நகரத்து ஏழைக் குழந்தைகளுக்கு இரகசியமாகக் கல்வி புகட்டினார் நானோ நேகிள் என்னும் மாதரசி. 1775-ல் அவர் ஸ்தாபித்த கன்னியர் சபையினர் 1842-ல் சென்னைக்கு வந்து ஜார்ஜ் டவுனில் கல்விப் பணி தொடங்கினர். 1909-ல் தோன்றிய சர்ச் பார்க் பள்ளியும் அவர்களுடையதே. பின்னர் பல சபையார் பல ஊர்களில் இப்பணியை மேற்கொண்டனர்.

நமது அரசியல் சாசனத்தின் 30-வது ஷரத்து, சிறுபான்மையோர் தம் விருப்பப்படி கல்வி ஸ்தாபனங்களை நிறுவி நிர்வகிக்க உரிமையளிக்கிறது. அதைக் காப்பது தேசபக்தர் அனைவரின் கடமையாகும். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளிகள் ஆரம்ப வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க விதித்தது. 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாதெனத் தீர்ப்பளித்தது. 2025-ல் அதே கோர்ட்டின் இரு நீதிபதிகள் அத்தீர்ப்பின்மீது ஐயம் தெரிவித்து, பெரிய பெஞ்சின் பரிசீலனைக்குரியதென்றனர்.

கோர்ட்டு என்ன சொல்லினும், சட்டம் கொடுக்கும் விலக்கு தர்மம் கொடுக்கும் விலக்காகாது. மானியம் பெறாத பள்ளி, ஆசிரியர் சம்பளத்தைக் கட்டணத்திலிருந்தே கொடுக்க வேண்டுமென்பது வாஸ்தவமே. ஆனால் நானோ நேகிளுக்கு அன்றைய சர்க்கார் மானியமா கொடுத்தது? தண்டனைப் பயத்தையன்றோ கொடுத்தது!

ஆகவே, கட்டாயத்திற்குக் காத்திராமல், இப்பள்ளிகள் தாமே நாலில் ஒரு பங்கு இடத்தை, மதபேதம் பாராது, ஏழைக் குழந்தைகளுக்கு ஒதுக்கி, அதன் கணக்கை வருஷந்தோறும் பகிரங்கப்படுத்துவதே முறை. வசதியுள்ள பழைய மாணாக்கர் அச்செலவில் பங்கேற்க வேண்டும். 1955-ல் சோஷலிஸப் பாணிச் சமுதாயமே லட்சியமென்று காங்கிரஸ் மகாசபை தீர்மானித்தது இந்த ஆவடியிலேதான். தொழிலாளியின் குழந்தை பள்ளி வாயிலில் நின்று திரும்புமாயின், அத்தீர்மானம் வெறும் காகிதமே.