போரைப் பார்க்காதவளுக்கு ஒரு கூத்து

பத்ரகாளிக்கு ஒரு குறை உண்டாம். இலங்கையில் இராமனும் இராவணனும் மோதிக்கொண்டிருந்த நாளில் அவள் வேறொரு களத்தில் தாருகன் என்னும் அசுரனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெரிய போரைப் பார்க்காமல் போய்விட்டாள். அவள் குறை தீரத்தான் பாலக்காட்டுப் பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்து நடத்துகிறார்கள். தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றி 21 விளக்கு ஏற்றி, திரைக்குப் பின்னே மான்தோல் பாவைகளை ஆட்டி, விடிய விடியக் கம்பனைப் பாடுவார்கள். வடகரப்பதி மாதிரி எல்லையோரத்துத் தமிழர்களுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. மலையாளத்துப் பகவதி கேட்பது தமிழ்ப் பாட்டு அல்லவா! நடுச்சாமத்தில் கூத்துமாடத்துக்கு எதிரே ஒரு ஆள்கூட இருக்கமாட்டார். புலவர்கள் அதற்காகப் பாட்டைக் குறைப்பதில்லை. பார்க்க வேண்டியவள் உள்ளே இருக்கிறாளே.

தெய்வத்திடம் யாரும் துண்டை ஏந்தி வசூல் கேட்பதில்லை. போரைப் பார்க்காத மனிதர்களுக்குப் போரைக் காட்டி, காட்டிய கையோடு காசும் கேட்ட கதை வங்காளத்தில் நடந்தது.

1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மா அரிசி நின்றது. எதிரி கரையேறினால் எதுவும் கிடைக்கக்கூடாது என்று பிரிட்டிஷ் அரசு வங்கக் கடலோரத்து நெல்லையும் படகுகளையும் அப்புறப்படுத்தியது. அக்டோபரில் புயல் வேறு. அடுத்த ஆண்டு கிராமங்கள் கல்கத்தாவுக்கு நடந்து வந்து தெருவில் விழுந்தன. சோறு கேட்கத் துணிவில்லாமல், வடித்த கஞ்சித் தண்ணீர் கேட்டு வாசல் வாசலாக நின்றார்கள். செத்தவர்கள் 20 லட்சம் முதல் 30 லட்சம் வரை என்கிறார்கள்.

ஒருநாள் நாடகக்காரர் பிஜன் பட்டாச்சார்யா ஒரு பூங்கா ஓரமாக நடந்து போனார். பிற்காலத்தில் எழுத்தாளர் மகாசுவேதா தேவியை மணந்தவர் இவர். அங்கே ஒரு ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஊரில் நடந்த கல்யாணம், திருவிழா, புதுநெல் சமைக்கும் நபான்னப் பண்டிகை என்று சாதாரணப் பேச்சு. அவர்கள் முன்னால் அழுக்குத் துணி போர்த்திய ஒரு குழந்தையின் பிணம் கிடந்தது.

அந்தக் குரல்களை அவர் மேடைக்குக் கொண்டுவந்தார். அப்படி எழுதிய நாடகங்களில் ஒன்று ‘ஜபான்பந்தி’, அதாவது வாக்குமூலம். 1944இல் ‘நபான்ன’ வந்தது. சம்பு மித்ராவும் அவருமாக இயக்கினார்கள். அதில் ஒரு காட்சி: உள்ளே பணக்கார வீட்டுக் கல்யாண விருந்து, வெளியே குப்பைத்தொட்டி. எச்சிலுக்காக நாயோடு சண்டை போடும் குடியானவனை நாய் கடித்துவிடுகிறது. அதை மேடையேற்றிய இந்திய மக்கள் நாடக மன்றத்துக்காரர்கள் பாட்டும் நாடகமுமாகப் பஞ்சாப், பம்பாய் என்று சுற்றிப் பஞ்ச நிவாரணத்துக்கு நிதி திரட்டினார்கள். பினய் ராய் தலைமையில் போன குழு ஆடிய சிறு நாடகத்தின் பெயரே ‘நான் பசியோடிருக்கிறேன்’.

எத்தனையோ லட்சம் என்ற எண்ணுக்கு அசையாத மனிதர், ஒருவன் ‘நான்’ என்றதும் ஏன் மடியை அவிழ்க்கிறார்?

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் மூவரும் 2007இல் வெளியிட்ட சோதனை அது. ஒரு படிவத்தை நிரப்பியவர்களுக்குக் கூலியாக 5 ஒற்றை டாலர் நோட்டுகள் கொடுத்தார்கள். கூடவே ஆப்பிரிக்கப் பட்டினிக்கு உதவி கேட்கும் ஒரு கடிதம். புள்ளிவிவரம் மட்டும் படித்தவர்கள் சராசரியாக 1.14 டாலர் போட்டார்கள். மாலி நாட்டின் ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றிப் படித்தவர்கள் 2.38 டாலர். சிறுமியையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்தே கொடுத்தால் இன்னும் கூடும் என்றுதானே நினைப்போம்? 1.43 ஆகக் குறைந்தது! எண்கள் உள்ளே வந்ததும் மனசு கணக்குப்பிள்ளையாகிவிடுகிறது. தொடர்பே இல்லாத சில கணக்குகளை முதலில் போடவைத்துவிட்டுக் கேட்டபோதும் ரோக்கியாவுக்கு விழுந்த காசு குறைந்தது. எனக்கு இதில் கொஞ்சம் எரிச்சல்தான். நானே நான்கு பத்திக்கு முன்னால் 30 லட்சம் என்று எழுதிவிட்டேனே.

குரல் என்ன செய்கிறது? பிரின்ஸ்டனில் ஊரி ஹாசன் குழுவினர் ஒரு பெண்ணை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, தன் பள்ளிநாள் கதை ஒன்றைச் சொல்லவைத்தார்கள். பதிவைக் கேட்டவர்களையும் ஸ்கேன் செய்தார்கள். 2010இல் வந்த முடிவு: சொல்பவரின் மூளையில் எழும் அசைவு, சில நொடி பிந்தி, கேட்பவரின் மூளையிலும் அதே இடங்களில் எழுகிறது. பக்கவாத்தியக்காரர் பாட்டைப் பின்தொடர்வது மாதிரி. நன்றாகப் புரிந்துகொண்டு கேட்டவர்களின் மூளை சில இடங்களில் கதைசொல்லியை முந்திக்கொண்டும் ஓடியது. ரஷ்ய மொழி தெரியாதவர்களுக்கு ரஷ்யக் கதையைப் போட்டபோது இந்த ஒத்திசைவு காணாமல் போனது. கம்பன் புரியாமல் காலியான கூத்துமாட மைதானத்துக்கும் இதேதான் நேர்ந்திருக்குமோ என்னவோ.

மேடைக்கே போய்ச் சோதித்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் நாடகம் பார்க்க வந்த 1,600க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பகுதியினரை நாடகத்துக்கு முன்னும், மற்றவர்களைப் பின்னும் கேள்வி கேட்டார்கள். பார்த்துவிட்டு வந்தவர்கள் அறச்செயலுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். நாடகத்தோடு சம்பந்தமில்லாத அமைப்புகளுக்கும்கூட. 2021இல் இது வெளிவந்தது.

ஆனால் ஈரம் சீக்கிரம் காயும். 2015 செப்டம்பரில் துருக்கிக் கரையில் ஒதுங்கிய சிரியக் குழந்தையின் படம் வந்த வாரத்தில், சுவீடன் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அகதிகளுக்காக வந்த தினசரி நன்கொடைகளின் எண்ணிக்கை நூறு மடங்குக்கும் மேல் ஏறியது. ஆறு வாரத்தில் ஏறக்குறைய பழைய நிலைக்கு வந்துவிட்டது. நாடகக்காரர்கள் வாசலிலேயே துண்டை விரிப்பது அனுபவம் சொல்லிக்கொடுத்த பாடம்.

கண்ணீரை வரவழைத்ததற்குத் தண்டம் கட்டியவரும் இருக்கிறார். கி.மு. 494இல் மிலேட்டஸ் நகரம் பாரசீகரிடம் வீழ்ந்தது. ஃப்ரினிக்கஸ் அதை ஏதென்ஸில் நாடகமாகப் போட, அரங்கமே அழுதது. மிலேட்டஸ்காரர்கள் ஏதென்ஸுக்கு உறவுமுறை. சொந்தத் துக்கத்தைக் கிளறினான் என்று அவருக்கு 1,000 டிராக்மா அபராதம், நாடகத்துக்கும் தடை.

பார்ப்பவர்களே போருக்குள் இருந்தால் மேடை வேறு வேலை செய்ய வேண்டும். யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் இயக்கிய ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் வந்தது. 1991இல் ‘அன்னை இட்ட தீ’. போர் மனதில் விட்டுப்போன காயங்களைப் பற்றியது. அங்கே ஏந்துவதற்குத் துண்டும் இல்லை, போடுவதற்குக் காசும் இல்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர்களுக்கே அது தேவைப்பட்டது.

இலங்கையின் வடகிழக்கில், போரும் சுனாமியும் கண்ட 31 பிள்ளைகளோடு நடந்த ஒரு சிகிச்சைச் சோதனை 2009இல் வெளியானது. ஒரு பாதியினர் தங்கள் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னார்கள்; மறுபாதியினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் பழகினார்கள். ஆறு மாதத்தில் முதல் பாதியில் 81 சதவீதத்தினரும் மறுபாதியில் 71 சதவீதத்தினரும் தேறியிருந்தார்கள். இவ்வளவு சின்னக் கூட்டத்தில் இதைப் பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது.

கதை சொல்லும் அந்தச் சிகிச்சைமுறை ஒரு கயிற்றோடு தொடங்கும். தரையில் அதை நீட்டிப் போட்டு, நல்லது நடந்த இடத்தில் ஒரு பூவையும் கெட்டது நடந்த இடத்தில் ஒரு கல்லையும் பிள்ளையே வைக்க வேண்டும். வைத்து முடித்த பிறகு மிச்சக் கயிற்றை நீட்டுவதில்லை. இனிமேல் வரப்போகிற நாட்களுக்கென்று அதைச் சுருட்டி அங்கேயே வைத்துவிடுகிறார்கள்.