முகூர்த்த நாளில் காலியாகும் பெஞ்சுகள்

உயர்கல்வியில் தமிழ்நாடு முன்னணியில் நிற்பதற்கு நாம் எடுத்துக்காட்டும் எண் 47. ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில், 18 முதல் 23 வயது வரையிலான மக்கள்தொகையோடு ஒப்பிட்ட மொத்தச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டுக்கு 47 சதவீதம்; இந்திய சராசரி 28.4. தேசியக் கல்விக் கொள்கை நாடு முழுமைக்கும் 2035-க்கு வைத்திருக்கும் இலக்கே 50தான். பெருமைப்பட வேண்டிய எண். சமூகவியல் வகுப்பின் முதல் வாரத்திலேயே இதைப் பலகையில் எழுதிவிடுவேன். ஆனால், இது சேர்ந்தவர்களின் கணக்கு. எந்தக் கல்லூரியில், எந்தப் பாடத்தில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள் என்பது இதில் தெரியாது.

இந்த எண் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். ‘படிக்கிற வயசுல அரசியல் எதுக்கு?’ என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகள்தான் வகுப்புக்கு வருகிறார்கள். அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடமே அரசியல் வாங்கித் தந்தது என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். கல்லூரி இடங்களைச் சமூகவாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை செல்லாது என்று தீர்ப்பு வந்தபோது இங்கே எழுந்த கிளர்ச்சி, 1951-ல் அரசமைப்பின் முதல் திருத்தத்துக்குக் காரணங்களில் ஒன்றானது. தொழிற்கல்விக்கு 1984-ல் கொண்டுவரப்பட்ட நுழைவுத்தேர்வு கிராமத்துப் பிள்ளைகளைப் பின்னுக்குத் தள்ளுகிறது என்ற வாதம் வலுத்து, அரசு அமைத்த அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 2006-ல் சட்டம் போட்டு நீக்கப்பட்டது. கவுன்சலிங் வழியாகத் தொழிற்கல்வியில் இடம் பெறும் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகை 2010-ல் வந்தது. 2017-ல் நீட் வந்த பிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்லூரி எட்டாக்கனி ஆனதால், 2020-ல் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு தேவைப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஊர்வலமும் வழக்கும் சட்டமன்ற விவாதமும் உண்டு.

சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்து 1965-ல் வெளியிட்ட நூலை இன்றும் பாடமாக நடத்துகிறோம். ‘ஸ்ரீபுரம்’ என்று அவர் பெயர் மாற்றி எழுதிய அந்த ஊரில் சாதியும் நிலமும் அதிகாரமும் ஒரே கையில் இருந்த நிலை கலைந்துகொண்டிருந்தது. வாக்குரிமையும் கட்சி அரசியலும் அதற்குப் பெரிய காரணங்கள். அரசியலை ஒதுக்கிவிட்டுக் கல்வியைப் பேச முடியாது என்று நான் சொல்வதற்கு இந்த வரலாறுதான் அடிப்படை.

சேர்க்கைக்குப் பிறகு

இனி வகுப்பறைக்குள் வருவோம். ஆவணியிலும் தையிலும் பெரிய முகூர்த்தம் விழும் நாள்களில் எங்கள் வகுப்பில் பின்வரிசை பெஞ்சுகள் காலியாகிவிடும். பையன்கள் கேட்டரிங் வேலைக்குப் போயிருப்பார்கள். முதல் நாள் மாலை மண்டபத்துக்குள் போனால் ராத்திரிப் பந்தி முடிந்து, அங்கேயே ஒரு மூலையில் படுத்து எழுந்து, காலை டிபன் பரிமாறிவிட்டுத்தான் கிளம்ப முடியும். கையில் கிடைப்பது சில நூறு ரூபாய். தேர்வுக் கட்டணமும் வீட்டுச் செலவும் அதில்தான் ஓடுகின்றன. மதியத்தோடு முடியும் ஷிப்ட்டில் படிக்கும் பெண்கள் நேராக ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறார்கள்.

இப்போது விதியைப் பாருங்கள். செமஸ்டர் தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். கொஞ்சம் குறைந்தால் கண்டொனேஷன் கட்டணம் கட்டித் தேர்வு எழுதலாம். மிகவும் குறைந்தால் எழுதவே முடியாது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். தேர்வுக் கட்டணத்துக்காக வேலைக்குப் போன பையன், வேலைக்குப் போனதற்காகவும் கட்டணம் கட்டுகிறான். இரண்டையும் கட்ட முடியாதவன் அடுத்த செமஸ்டர் வருவதில்லை. டிசிகூட வாங்காமல் நின்றுவிடுகிறவர்கள் உண்டு. பதிவேட்டில் அவர்கள் பெயர் இன்னும் இருக்கும்.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ இதன் இன்னொரு பக்கத்தைக் காட்டினார். வீட்டில் பேசும் மொழி, புத்தகப் பழக்கம், எந்தக் கதவை எப்போது தட்ட வேண்டும் என்ற அறிவு எல்லாம் சொத்துப் போலப் பிள்ளைக்குப் போய்ச் சேர்கின்றன. கல்லூரி அதைத் திறமை என்று மதிப்பெண் போடுகிறது என்றார். ‘பண்பாட்டு மூலதனம்’ என்று இதைப் பாடம் நடத்துகிறோம். பட்டதாரி வீட்டுப் பெண் பத்தாம் வகுப்பிலேயே கட் ஆஃப் கணக்குப் போடுகிறாள். அப்பா செங்கல் சூளைக்கும் அம்மா நூறு நாள் வேலைக்கும் போகும் வீட்டுப் பெண், பிளஸ் டூ முடிவு வந்த பிறகு இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கும்போதுதான் எந்தப் பாடம் எடுக்கலாம் என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கிறாள். இருவரும் 47 சதவீதத்துக்குள் ஒரே கணக்குதான்.

அரசு உதவி இல்லாமல் இல்லை. 2022-ல் மாணவிகளுக்குப் புதுமைப்பெண், 2024-ல் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. என் மாணவிகள் பலர் படிப்பைத் தொடர்வதில் அந்தப் பணத்துக்குப் பங்கு உண்டு. ஆனால், அவர்களுக்குப் பாடம் நடத்தும் கௌரவ விரிவுரையாளர்களின் நிலையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அரசுக் கலைக் கல்லூரிகளில் பல துறைகள் அவர்களை நம்பித்தான் ஓடுகின்றன. ஆண்டுக்குப் பதினோரு மாதம் தொகுப்பூதியம், மே மாதத்தில் அதுவும் இல்லை. முதல் தலைமுறை மாணவருக்குத்தான் ஆசிரியரின் நேரம் அதிகம் வேண்டும். வகுப்பு முடிந்ததும் டியூஷன் சென்டருக்கு ஓட வேண்டிய ஆசிரியரால் அந்த நேரத்தைத் தர முடியாது.

யார் வெளியேறுவார்கள்?

தேசியக் கல்விக் கொள்கை ஓராண்டு முடித்தால் சான்றிதழ், ஈராண்டு முடித்தால் டிப்ளமா என்று இடையில் வெளியேற வழி செய்கிறது. வசதி உள்ளவருக்கு இது வாய்ப்பு. ஊர் சுற்றிவிட்டுத் திரும்பலாம். கேட்டரிங் போகும் பையனுக்கும், இரண்டாம் ஆண்டில் நிச்சயம் முடிந்துவிட்ட பெண்ணுக்கும் இது நிறுத்துவதற்குக் கிடைக்கும் காரணம். ‘ஒரு டிப்ளமாதான் வந்துடுச்சே’ என்று வீடு சொல்லும்போது, ‘இன்னும் ஒரு வருஷம் இருந்தால் டிகிரி’ என்று வாதாட எங்களுக்கும் பிடி இருக்காது.

அரசு இப்போதே செய்யக்கூடியவை இரண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவர்களுக்குக் கண்டொனேஷன் கட்டணத்தை நீக்கலாம். ஒவ்வொரு அரசு, அரசு உதவி பெறும் கல்லூரியும், சேர்ந்தவர்களில் மூன்றாண்டில் பட்டம் பெற்றவர்கள் எத்தனை பேர் என்பதைச் சாதி, பாலினம், பெற்றோர் படிப்பு வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இதற்கான விவரங்கள் சேர்க்கை விண்ணப்பத்திலும் தேர்வுத் துறையிலும் ஏற்கெனவே இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஓர் அரசாணை போதும்.