நூலகப் பலகை யாரிடம் பேசுகிறது?

கச்சிராயபாளையம் தாண்டி வண்டி மலையேறத் தொடங்கியதும் கண்ணில் படும் எழுத்துகளில் முக்கால்வாசி வனத்துறையுடையவை. நுழையாதே, வெட்டாதே, தீ மூட்டாதே. வெள்ளிமலை போய் இறங்குவதற்குள் எதிர்மறை ஏவலின் இலக்கணம் மனசில் படிந்துவிடுகிறது. கல்வராயன் மலை 1976 வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. அதற்குப்பிறகு வந்த அரசு, மலையாளிப் பழங்குடியினருக்கு (கேரளத்தோடு சம்பந்தமில்லை, மலையில் வாழ்பவர் என்றே பொருள்) பெரும்பாலும் இப்படிப்பட்ட பலகையாகத்தான் அறிமுகமாகியிருக்க வேண்டும்.

இந்தப் பின்னணியில் அடிவாரத்து ஊரொன்றில் நான் பார்த்த ஊர்ப்புற நூலகத்தின் பெயர்ப்பலகையை ஒரு பிரதியாக வாசிக்கலாம். மேலே துறையின் பெயர், அடுத்து மாவட்ட நூலக ஆணைக்குழு, மூன்றாவதாகத்தான் நூலகம், கீழ் மூலையில் பொடி எழுத்தில் நேரம். அதிகாரத்தின் படிநிலையே எழுத்தின் அளவாகியிருக்கிறது. உள்ளே போனால், சுவரில் பெரிதாக இருப்பது புரவலர் பட்டியல். வாசகன் என்கிற ஆள் இந்த எழுத்துகளில் எங்குமே இல்லை. மலையிலிருந்து பையனோடு வந்த ஓர் அம்மா வாசலிலேயே நின்று, "உள்ள வரலாமாங்க, யார்கிட்டயாவது கேக்கணுமா?" என்றார். அவர் பலகையைச் சரியாகவே வாசித்திருந்தார் என்பேன். அதே வீதியில் ஒரு காதணி விழா ப்ளெக்ஸ், 'அனைவரும் வருக' என்றது.

ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் வேண்டும் என்பது. அதை நிறைவேற்றும் வழிகளில் விளம்பரத்தையும் அவர் சேர்த்திருக்கிறார் என்பதை நாம் வசதியாக மறந்துவிட்டோம். அதே ஆண்டு மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை புத்தகங்களை மாட்டுவண்டியில் ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். தெருவில் வந்து நிற்கும் வண்டியைவிடப் பெரிய சுவரொட்டி ஏது? 1948ஆம் ஆண்டுச் சட்டம் நூலகத்துக்கு வரிப்பணத்தை உறுதி செய்தது. பெரிய சாதனைதான். ஆனால் வாசகன் வந்தாலும் வராவிட்டாலும் சொத்துவரியோடு நூலக வரி வசூலாகிவிடும். அழைக்க வேண்டிய நெருக்கடி நிறுவனத்துக்கு இல்லாமல் போயிற்று.

அமெரிக்காவில் மந்தநிலைக் காலத்தில், 1930களின் பிற்பாதியில், அரசுச் சம்பளம் பெற்ற ஓவியர்கள் நூலகங்களுக்கும் சுவரொட்டி போட்டார்கள். ஸ்க்ரீன் பிரிண்டிங், இரண்டு மூன்று வண்ணம், தட்டையான உருவங்கள், நாலைந்து சொற்கள். செலவைக் குறைக்க வந்த முறை ஒரு பாணியாகவே ஆகிவிட்டது. 1982இல் அமெரிக்க நூலகச் சங்கம் ஏற்ற சின்னமோ, புத்தகம் ஏந்திய வெறும் மனித உருவம். எழுத்துக்கூட்டத் தெரியாதவருக்கும் புரியும். நம்மூரில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஸ்க்ரீன் பட்டறைகளுக்கா பஞ்சம்?

வெள்ளிமலை பேருந்து நிற்கும் இடத்திலும் ரேஷன் கடைச் சுவரிலும் ஒட்ட ஒரு சுவரொட்டி போதும். துறையின் பெயரைக் கடைசியில் போடலாம். '2006 வன உரிமைச் சட்டம் என்ன சொல்லுது? உள்ளே வந்து படிங்க, காசு வேண்டாம்' என்று முதல் வரி இருக்கட்டும் (அந்தப் புத்தகத்தை முதலில் வாங்கி வைக்க வேண்டும், அது வேறு கதை). தலைவர் படம் வேண்டாம். விடுமுறை நாளை மட்டும் கொட்டை எழுத்தில் போடவேண்டும். கூலி வேலையை விட்டு மலையிறங்கி வருகிறவர் வெள்ளிக்கிழமை வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினால், அடுத்த முறை வரமாட்டார்.